பந்திங்கிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

பந்திங் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு ஆகாய விமானத்தின் சத்தம் புதிதல்ல. சிப்பாங்கில் செம்பனை நின்ற நிலத்தில் 1998 ஜூன் மாதம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. இங்கிருந்து காரில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும், பறக்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்தே காலம் கழித்த முதியவர்கள் நம்மிடையே பலர். என் தாயாரும் அப்படித்தான். எழுபது வயதுக்குப் பிறகே, தம் பெற்றோர் பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று வாய்திறந்து கேட்டார்.

என் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகக் கிள்ளான் துறைமுகம் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஊரில் தம் தகப்பனார் காலமான செய்தி பாட்டிக்குக் கடிதமாக வந்தபோது, அங்கே கருமாதியே முடிந்துவிட்டிருந்ததாம். ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் நின்றது.

இனி விமானக் கணக்கைப் பார்ப்போம். சிப்பாங்கிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சிக்குச் சுமார் 2,690. இரண்டுக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. "சென்னைதானே கிட்டம்?" என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். ஆனால் எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். சென்னையில் இறங்கினால் அதன்பின் 300 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே போக வேண்டும். வயதானவரை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? ஆகவே திருச்சிக்கே டிக்கெட் எடுத்தோம். தூரத்தை விமான நிலையம் வரையில் அல்ல, வீட்டு வாசல் வரையில் கணக்கிட வேண்டும்.

என் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 11.30-க்கே இறங்கலாமாம். திரும்பும்போது 10 மணிக்கு ஏறினால் மாலை 4.30 ஆகிறதாமே?" நல்ல கேள்வி! இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான். பறக்கும் நேரம் இரு வழியிலும் ஏறக்குறைய ஒன்றே. எதிர்க்காற்று அடித்தால் சற்றுக் கூடும்.

போகிறவர்கள் சிலவற்றை மறவாதீர்கள். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாவை முன்கூட்டியே எடுங்கள். சிப்பாங்கில் இரண்டு முனையங்கள் உண்டு; டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள்.

விமானத்தில் அம்மா, பாட்டியின் கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கதை பினாங்கைத் தொடுவதற்குள், இறங்கப் போகிறோம், வாரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. அம்மா என் கையைப் பற்றிக்கொண்டார்.

"அதுக்குள்ளயா வந்திருச்சு? இம்புட்டு தூரத்துக்கா எங்கம்மா சாகுற வரைக்கும் அழுதுச்சு?"

நான் என்ன பதில் சொல்வேன்? உங்கள் வீட்டிலும் இந்த ஆசையை மனத்தில் பூட்டி வைத்த பெரியவர் இருக்கக்கூடும். அவர் கேட்கட்டும் என்று காத்திராமல், நீங்களே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.