அயல்மொழியும் எமது நாவும்

மாணவர் வீடு சென்றபின் வெறுமையான வகுப்பறையில் அமர்ந்து கைத்தொலைபேசியிடம் சிங்களம் பேசுவது சில மாதங்களாக எமது வழக்கமாகிவிட்டது. நாம் சொல்வதை அது எழுத்தாக்கிக் காட்டும். அதைக் கொண்டு உச்சரிப்பைத் திருத்திக்கொள்வோம். தமிழ் கற்பிக்கும் எமக்கு இப்பாடம் எளிதாயிருக்கவில்லை.

'கந்த' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மெல்லொலி முழுமையாக ஒலித்தால் மலை. குறுகி அடுத்த ஒலியோடு ஒட்டினால் அடிமரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. அடிமரத்தைப் பத்து முறை சொன்னோம். பத்து முறையும் திரையில் மலையே எழுந்தது. முன்னே மரம் என்னும் சொல்லைச் சேர்த்துச் சொன்னதும் அடிமரம் வந்துவிட்டது. மகிழ்ந்தோம். ஆனால் நா திருந்தவில்லை. பக்கத்துச் சொல்லைப் பார்த்து இயந்திரம் ஊகித்துக்கொண்டது. எனவே அதன் பாராட்டையும் முழுதாக நம்புவதற்கில்லை.

எமது தந்தையாரும் ஒரு சிங்களச் சொல்லைப் பயின்றவரே. 1983 யூலைக் கலவரத்தில், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சொல்லைச் சொல்லச் செய்து தமிழரைப் பிரித்தறிந்தார்கள். முதலெழுத்தின் ஒலிப்புடைய பகரம் தமிழ் நாவுக்கு எளிதில் வாய்க்காது. அச்சொல் சிங்களத்துக்கும் சொந்தமன்று, போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. கொழும்பில், அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையாரின் அறைக்குள் ஒளிந்திருந்து, இரவு முழுவதும் அதையே முணுமுணுத்தாராம் தந்தையார். "சொல் எனக்குக் கடைசிவரை வரவில்லை, அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. அதனால்தான் பிழைத்தேன்" என்பார்.

அவர் அச்சத்தோடு பயின்றார். நாம் அச்சமின்றிப் பயில்கிறோம். இயந்திரம் பிழையைக் காட்டுமேயன்றிப் பகை கொள்ளாது. அது நன்மையே. ஆயினும் அங்கேயே நின்றுவிடலாகாது என்று எண்ணி, எமது பாடசாலையில் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியையிடம் அடிமரத்தைச் சொல்லிக் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை, மும்முறை மெல்லச் சொல்லித் தந்தார். பதிலுக்குத் தமிழ் கேட்டார். 'பழம்' என்பது அவர் வாயில் 'பளம்' ஆனபோது நாம் சிரித்துவிட்டோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாமும் ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கிறோம் என்பது பின்னரே உறைத்தது. வெட்கினோம்.

நாவை இயந்திரத்திடமும் பழக்கலாம். பிழைபட்ட சொல்லையும் பொறுமையோடு கேட்கும் செவியை மனிதரிடையேதான் பழக்கவேண்டும். எமது வகுப்பில் அந்தப் பாடத்தை இனித்தான் தொடங்கவேண்டியிருக்கிறது.