சாந்து இல்லாத சுவர்

அம்மாவை அழைத்துக்கொண்டு ஜோத்பூர் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "கூட யாரு வர்றா?" என்பதுதான். நானும் அம்மாவும் சேர்ந்தால் இரண்டு பேர். அண்ணன் கணக்கில் அது யாருமே போகாததற்குச் சமம். "காசி, ராமேஸ்வரம்னாலும் பரவாயில்ல. பாலைவனத்துல இருக்குற அரண்மனை ஓட்டல்ல போய்ப் படுக்குறதுல என்ன இருக்கு?" என்றார்.

என்ன இருக்கிறது என்று எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. சிறு வயதில் கேட்ட ஒரு பேச்சுதான் மனதில் இருந்தது. அம்மா பசுமலைப் பக்கம் வேலைக்குப் போய்வந்த நாட்களில், மலைமேல் இருக்கும் வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஓட்டலைப் பற்றிச் சொல்வாள். "ராத்திரியில லைட்டு போட்டா கப்பல் மாதிரி இருக்கும்த்தா. உள்ள படுத்தா எப்படி இருக்குமோ!" பதவி உயர்வின் நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது, அந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. பசுமலை போதாது, இன்னும் பெரியதாகப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சித்தாள். நாகமலை புதுக்கோட்டையில் அந்த வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் எங்கள் பக்கம் வந்த பிறகு கல்லூரிகள் வந்தன, வாத்தியார்கள் வீடு கட்ட வந்தார்கள், வயல்கள் பிளாட் ஆயின. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அம்மா செங்கலும் மணலும் கலவையும் சுமந்தாள். அவளோடு நிமிந்தாளாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனார்கள். பிறகு மேஸ்திரி ஆனார்கள். ஒருவர் இன்று காண்ட்ராக்டர். அம்மா கடைசி நாள் வரை சித்தாள்தான். கலவைப் பதம் அவளுக்குத் தெரியாதா? கொத்தனார்களே அவளைக் கேட்டுத்தான் தண்ணீர் விடுவார்கள். ஆனால் கரண்டியை மட்டும் யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணும் இடத்துக்கு அது வந்து சேர்ந்ததை அம்மா பார்த்ததில்லை.

முழங்கால் தேய்ந்ததும் நூறு நாள் வேலைக்குப் போனாள். கண்மாய் வரத்துக்கால் வெட்டுவது, கரை போடுவது. "மரத்தடியில உக்காந்துட்டு காசு வாங்கிட்டு வர்றாளுக" என்று டீக்கடையில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அந்த ஏளனமும் அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

2019 டிசம்பரில் ஜோத்பூர் போய்ச் சேர்ந்தோம். ஊரைத் தாண்டி, சித்தர் குன்றின்மேல் உமைத் பவன் நின்றது. குன்றின் பெயரும் கல்லின் பெயரும் 'சித்தர்' என்றதும், "நம்மூர்ச் சித்தரா?" என்று அம்மா கேட்டாள். நல்ல வெயிலில் அந்த மணற்கல் பொன்னிறமாகவும் இல்லை, மண்ணிறமாகவும் இல்லை. அவித்த பனங்கிழங்கின் நிறம் என்று சொல்லலாம்.

நான் மேலே குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கல் சேரும் இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தாள். "ஏத்தா, சாந்தே இல்லையே. எப்படி நிக்குது?"

அறையைக் காட்ட வந்த பையனிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். கல்லோடு கல் கவ்விக்கொள்ளும்படி செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள், பூச்சு வேண்டியதில்லை என்றான். "கேட்டாங்களே, இவங்கதான் சரியா கேட்டாங்க" என்று சிரித்தான். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அரண்மனையின் கதையை அங்கேயே உள்ள அருங்காட்சியகத்தில் படித்து அம்மாவுக்குச் சொன்னேன். 1920களில் மார்வாரில் மழை தொடர்ந்து பொய்த்தது. மகாராஜா உமைத் சிங் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். 1929 நவம்பரில் அடிக்கல், 1943-இல் முடிந்தது. வரைபடம் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். 347 அறைகள். கல் கொண்டுவரத் தனி ரயில் பாதையே போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். ஒரு பகுதியில் இன்னமும் அரச குடும்பம் இருக்கிறது. ஒரு பகுதி ஓட்டல்.

"பஞ்சத்துல சோறு போட்ட அரண்மனைம்மா" என்றேன். படித்ததை அப்படியே சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சோறு போட்டாரா, கூலி குடுத்தாரா?" என்றாள்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து பக்கிங்காம் கால்வாயை வெட்டியதை 'நிவாரணப் பணி' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்துப் பஞ்ச விதிகள் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியையே எழுதிவைத்தன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வெட்டியவருக்குக் கிடைத்தது நிவாரணம், வெட்டச் சொன்னவருக்குக் கிடைத்தது கால்வாய் என்று ஒரு வகுப்பிலும் பிரித்துச் சொன்னதில்லை. கல் சுமந்தவருக்கு 'உதவி', கட்டிக்கொண்டவருக்கு அரண்மனை. நூறு நாள் வேலையைப் பற்றி டீக்கடையில் பேசுவதும் இதே கணக்குத்தான்.

"இங்க பொம்பளைங்க சுமந்தாங்களான்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். நான் பார்த்த பலகைகளில் இல்லை என்றேன். "பஞ்சத்துல ஆம்பள மட்டுமா பசிச்சிருப்பான்?" என்றாள்.

அன்று இரவு அம்மா கூச்சப்பட்டுத் தரையில் படுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பெரிய கட்டிலின் நடுவில் கை காலை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டாள். தூக்கம் வராமல் கிடந்தவள் நான்தான். பாலைவனத்துக் குளிர் ஜன்னலில் வந்து நின்றது. காலையில் ரசீதை அம்மா கையில் எடுத்துவிட்டாள். எழுத்து தெரியாது, எண் நன்றாகத் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு என்று நான் சொல்லிவைத்திருந்த பொய் அங்கேயே முடிந்தது. அப்போது நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 229 ரூபாய். விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "ரெண்டு வருஷ வேலைக்கும் மேல" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "பரவால்ல. கட்டுனவ ஒருத்தி படுத்துப் பாத்துட்டேன்" என்றாள்.

ஊர் திரும்பும் முன் மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போனோம். லோகா போல் என்ற இரும்பு வாசலின் சுவரில் சின்னச் சின்ன உள்ளங்கைகள் பதிந்திருக்கின்றன. 1843-இல் மகாராஜா மான் சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய பெண்களின் கைகள். அம்மாவும் கணவனை இழந்தவள், முப்பத்தொரு வயதில். அவள் கும்பிடவில்லை. தன் கையை ஒரு கையின் பக்கத்தில், தொடாமல், வைத்துப் பார்த்தாள். காய்த்துப்போன கை. "செத்தவ கைய வச்சிருக்காக" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. கல்லூரியில் சேர நான் நிரப்பிய விண்ணப்பத்தில், 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அந்த வாரம் அம்மா அதே கல்லூரியின் புதிய கட்டடத்துக்கு இரண்டாம் மாடிக்குக் கலவை சுமந்துகொண்டிருந்தாள். பலகையில் பெண்களின் பெயர் இல்லையே என்று ஜோத்பூரில் எனக்கு வந்த கோபம், ரயிலில் திரும்பும்போது என்னிடமே வந்து உட்கார்ந்துகொண்டது.

நாகமலை கண்ணில் பட்டதும் சொல்லிவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்த்தா. அன்னைக்கே அந்த ஆபீஸ் கிளார்க் கேட்டாரு, 'உன் மக உன்னைய வீட்டுல சும்மா இருக்கேன்னு எழுதியிருக்கா'ன்னு." கொஞ்சம் பொறுத்து, "அந்த மாடிப்படி இன்னும் வெடிப்பு விடல, பாத்தியா?" என்றாள்.

அந்தப் படியில் ஏறித்தான் தினமும் வகுப்புக்குப் போகிறேன்.