மூன்று நாடுகள், ஓர் அறை

ஊர் சுற்றும் ஆசை இளமையோடு உடன்பிறந்தது. முதன்முதலாக வெளிநாடு செல்லும் மாணவனுக்கோ பணமும் குறைவு, அனுபவமும் குறைவு. விமானச் சீட்டு, விடுதி, வழிகாட்டி அனைத்தையும் ஒரே கட்டணத்தில் அடக்கும் ‘பேக்கேஜ் டூர்’ அவனுக்கு ஏற்றதுதான். ஆனால், உடன் வருபவன் வெறும் நண்பன் அல்லன், மனம் ஒன்றிய துணைவன் என்றால்? கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் அப்படிக் கேட்டுத்தான் புறப்பட்டோம்.

தன்பாலீர்ப்பாளரை வரவேற்கும் சுற்றுலா என்றவுடன் சிலருக்குக் கேளிக்கைக் கூடங்களே நினைவுக்கு வருகின்றன. நாங்கள் வேண்டியது அதுவன்று. வடநாட்டு நகரம் ஒன்றில் ஒருமுறை அறை கேட்டு நின்றோம். “அண்ணன் தம்பியா?” என்றார் விடுதிக்காரர். “இல்லை” என்றோம். “அறை இல்லை” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கின! 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் எங்கள் அன்பு குற்றமன்று என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு விடுதி வாயிலை இன்னும் எட்டவில்லை.

நம் நாட்டு முகவர்கள் விரும்பி விற்பது சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றையும் ஒரே மூச்சில் சுற்றும் பயணம். எங்களுக்குக் கிடைத்த விளம்பரம் ‘எல்லா இணையரையும் வரவேற்கிறோம்’ என்றது. மூன்று நாடுகளுக்கும் ஒரே சொல், சட்டமோ மூன்று! 1860இல் ஆங்கிலேயர் நமக்கு எழுதிய 377ஆம் பிரிவின் வழித்தோன்றல்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றின. மலேசியாவில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 20 ஆண்டுவரை சிறையும் கசையடியும் அதில் உண்டு. சிங்கப்பூர் தன் 377அ பிரிவை 2023 சனவரியில் நீக்கியது; ஆனால் மணவுரிமை தரவில்லை. ஆங்கிலேயர் ஆளாத தாய்லாந்திலோ 1957 முதல் அத்தகைய தடையே இல்லை. 2025 சனவரி 23 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் அங்கே முறையாக மணந்துகொள்ளலாம்.

ஆகவே தாய்லாந்து ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம். முகவரிடம் நான்கு கேட்டோம். இரட்டைக் கட்டில் அறை என்று எழுத்தில் உறுதி உண்டா? வழிகாட்டிக்கு எங்களைப் பற்றி முன்கூட்டியே தெரியுமா? விமானம் மாறும் நாட்டின் சட்டம் என்ன? ஒருவன் நோயுற்றால் மருத்துவமனை மற்றவனைக் கூப்பிடுமா? முகவர் சற்றே திகைத்தார். பிறகு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

பாங்காக் விடுதியில் ஒரு பெண் கைகூப்பி வரவேற்றாள். தாளைப் பார்த்தாள். “ஒரு கட்டில்தானே?” என்றாள்; சாவியைத் தந்தாள். அவ்வளவுதான்! அறைக்குப் போய்ச் சேரும்வரை என் துணைவன் வாய் திறக்கவில்லை. அவன் கண்கள் கலங்கியிருந்தன.

மறுநாள் சீலோம் சாலையில் நடந்தோம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதே சாலையின் மறுகோடியில், எங்களைப் போன்றோர் மாலையில் கூடும் சந்துகளும் இருக்கின்றன. இரண்டிடத்திலும் எங்களை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஆனால், பொது இடத்தில் கட்டித் தழுவுவதை அந்நாட்டார் ஆண் பெண் இணையரிடமும் விரும்புவதில்லை. விருந்தினர் அந்த நாகரிகத்தைக் காக்கத்தான் வேண்டும். அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் கோயிலைப் பற்றி மட்டும் சொன்னேன். “துணைக்கு யார் வந்தார்கள்?” என்றார். “அறைத் தோழன்” என்றேன். அந்தச் சொல்லுக்குள் இன்னும் எத்தனை நாள் ஒளிந்திருப்பேன் என்பதை நான் அறியேன்.

தோழர்களே! விளம்பரத்தின் இன்சொல் வேறு, நாட்டின் சட்டம் வேறு. உங்களில் ஒருவர் இத்தகைய பயணத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம். இரண்டையும் தனித்தனியே விசாரித்த பின்பே முன்பணம் கட்டுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாளை நீங்கள் எந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்தாலும், இருவர் வந்து அறை கேட்டால், சாவியை எடுத்துக் கொடுங்கள்.