ஓட்டுநர் இல்லாத வண்டிக்குச் சான்று தருபவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

சென்ற பருவத்தில் நமது கல்லூரி அறிவியல் மன்றத்தில் "தானே ஓடும் வண்டிகள்: வரமா? சாபமா?" என்றொரு பட்டிமன்றம் நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். குடிபோதையும் தூக்கக் கலக்கமும் அறியாத ஓட்டுநரை அறிவியல் நமக்குத் தந்துவிட்டது என்றனர் வரம் அணியினர். லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பில் மண் விழும் என்றனர் சாபம் அணியினர். கைதட்டல் இரு அணிக்கும் குறைவின்றிக் கிடைத்தது. ஆனால் ஒரு கேள்வியை ஒருவருமே கேட்கவில்லை. அந்த வண்டி பத்திரமானது என்று சொல்ல வேண்டியவர் யார்? அதைச் செய்தவரா? அதை ஓட்டி வருமானம் பார்ப்பவரா? அல்லது இருவரிடமும் கைநீட்டி வாங்காத மூன்றாமவரா? நான் ஒரு வேன் ஓட்டுநரின் மகள். எங்கள் வீட்டிலிருந்து பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள். இந்தக் கேள்வி எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததன்று.

என் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளர்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். வேன் அவருடையதன்று, முதலாளி வேறு. சில ஆண்டுகளுக்கு முன், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதாக அப்பாவுக்குப் பட்டது. முதலாளி தம் வழக்கமான மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, தாராளமா ஓட்டலாம்" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி ஒருநாள் நின்றால் முதலாளிக்கு வாடகை போகும். அவருக்கோ அடுத்த மாத வேலையும் அதே முதலாளியிடம்தான். அந்த நிலையில் பழுது கண்ணுக்குத் தெரியாமல் போவது இயல்பு. அன்று மாலையே அப்பா, முதலாளியை அறியாத வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய்த் தம் கைக்காசு கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. பதினெட்டுப் பேர் ஏறும் வண்டி அது!

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டமாக விட்டிருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. தானே ஓடும் காரால் பாதசாரி ஒருவர் உயிரிழந்த முதல் விபத்து இதுவே. காருக்குள் கண்காணிப்புக்கென ஒரு பெண் ஓட்டுநர் இருந்தார். அவர் அப்போது கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்ற செய்தி வெளிவந்ததும் உலகமே அவரைத்தான் ஏசியது.

ஆனால் அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தனியே விசாரணை நடத்தி, 2019 நவம்பரில் தன் முடிவை வெளியிட்டது. இந்த வாரியம் கார் செய்வதுமில்லை, சாலைக்கு உரிமம் கொடுப்பதுமில்லை. விபத்தின் காரணத்தைக் கண்டு சொல்வதே அதன் தொழில். மோதலுக்கு 5.6 வினாடி முன்பே காரின் கருவிகள் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டனவாம்! ஆனால் கண்டது இன்னதென்று கணிப்பொறிக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. வேறொரு வாகனம் என்றது, ஏதோ ஒரு பொருள் என்றது, சைக்கிள் என்றது. முடிவை மாற்றிய ஒவ்வொரு தடவையும் அது எங்கே நகரும் என்ற கணக்கையும் புதிதாகத் தொடங்கியது. பாதசாரிகளுக்கென்று குறித்த இடத்தில் அல்லாமல் வேறெங்கும் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்ற எண்ணமே அந்த அமைப்பில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. (நம் ஊர் பஜாரை எண்ணிப் பாருங்கள்!) கார் கம்பெனி பொருத்தித் தந்த அவசர பிரேக்கும், கணிப்பொறி ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

நாம் முதலாண்டில் படித்த இயக்கச் சமன்பாட்டை இங்கே போட்டுப் பார்த்தேன். காரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 19.4 மீட்டர். 5.6 வினாடிக்கு 108 மீட்டருக்கும் மேல் ஆகிறது. நல்ல சாலையில் பிரேக்கின் எதிர்முடுக்கம் 7 மீ/வி² என்று வைத்தால், நிற்க வேண்டிய தூரம் 27 மீட்டர். யோசிக்க ஒரு முழு வினாடி கொடுத்தாலும் 50 மீட்டருக்குள் நின்றிருக்கலாம். இந்தக் கணக்கை முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கைப்பேசி பார்த்த ஓட்டுநரே முதற்காரணம் என்பதை வாரியம் மறைக்கவில்லை. ஆனால் அதோடு நிற்கவும் இல்லை. நிறுவனத்தின் பாதுகாப்பு முறைகள் போதாமை, முன்பு காருக்கு இருவர் என்றிருந்த கண்காணிப்பை ஒருவராகக் குறைத்தது, மாநில அரசின் மேற்பார்வைக் குறைவு ஆகியவற்றையும் எழுதி வைத்தது. நீதிமன்றத்தில் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றவர் அந்த ஓட்டுநர் மட்டுமே. அந்த அறிக்கை இல்லாதிருந்தால் மற்றவை எவருக்கும் தெரிந்திருக்காது. ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைக்கு இது சாதாரணச் செய்தியன்று.

நம் நாட்டில் இப்படி ஒருவர் உண்டா? சாலைக்கு இல்லை, ரயிலுக்கு உண்டு. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்பது அவர் பதவி. புதுப் பாதை திறப்பதானாலும் பெரிய விபத்தை விசாரிப்பதானாலும் அவர் வர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! ஒரு காலத்தில் இந்த ஆய்வாளர்கள் ரயில்வே வாரியத்தின் கீழேயே இருந்தார்கள். ரயிலை ஓட்டுகிறவரிடமே அதை ஆய்கிறவரும் பணிபுரிவது சரியன்று என்று 1939-இல் ஒரு விசாரணைக் குழு கூறியது. 1941-இல் அவர்களைப் பிரித்து, தபால் மற்றும் விமானத் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தப் பிரிவினையின் பயனை 2023 ஜூன் 2-இல் கண்டோம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. 290 பேருக்கு மேல் மாண்டனர். முதல் நாட்களில் ஓட்டுநரின் வேகம் பற்றியும் சதி பற்றியும் பலவாறு பேச்சு கிளம்பியது. ஓட்டுநரோ பச்சை விளக்கைப் பார்த்தே வந்திருக்கிறார். ஆணையரின் விசாரணைதான், சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறு என்று காட்டியது. மனிதக் கண்ணை நம்பாமல் இயந்திரத்தை நம்பி ஏற்படுத்திய அமைப்பு அது. அங்கே இயந்திரம் சொன்னதை மனிதர் அப்படியே கேட்டார்.

இப்போது ஓட்டுநரே இல்லாத ரயில் வந்துவிட்டது. தில்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் 28 முதல் ஓடுகிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்திற்கும் அத்தகைய ரயில்களே. முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. இவற்றுக்கும் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் ஆய்ந்து அனுமதி தந்த பின்னரே மக்களை ஏற்ற முடியும்.

இதிலும் ஒரு குறை சொல்வார்கள். ஆணையர்களாக வருபவர்கள் பெரும்பாலும் ரயில்வேயில் பொறியாளர்களாக இருந்தவர்களே. பழைய பாசம் போகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரயிலைப் பற்றி ஒன்றும் அறியாதவர் எவ்வளவு நேர்மையாளராயினும் மின்சுற்றில் உள்ள பிழையை எப்படிக் காண்பார்? உள்ளே இருந்து கற்றவராகவும் வேண்டும், வெளியே நிற்பவராகவும் வேண்டும். இது எளிதன்று.

நம் அய்யனார் கோவிலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து மாந்தோப்புகளின் ஊடே மேற்கே செல்லும் சாலை மலையடிவாரத்தில் முடிகிறது. ஆற்றைக் கடந்தால் நீர்காத்த அய்யனார். அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே பெய்த மழை திடுமென இறங்கி ஆற்றை நிரப்பிவிடும். அக்கரையில் சிக்கிய பக்தர்களைக் கயிறு கட்டி மீட்ட செய்தி நம் பக்கத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வருவதுதான். அமாவாசைச் சவாரி ஏற்றி வந்த வேன்காரருக்குத் திரும்பிப் போக மனம் வராது. நேர்த்திக்கடனோடு வந்தவருக்கும் வராது. மலையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு விட முடியாது" என்று சொல்பவர் வனத்துறைக் காவலர். அவர் அந்தக் காட்டிலேயே நடந்து பழகியவர். எத்தனை வேன் வந்தாலும் திரும்பினாலும் அவர் சம்பளம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒருமுறை அப்பாவின் சவாரியும் அப்படித் திரும்பியது. வாடகையில் பாதிதான் கிடைத்தது. வழியெல்லாம் அப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்!

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரயில் பகுதி வரை பேசாமல் கேட்டவர், "ஏன் தாயி, ரயிலுக்கு விமானத்துறை ஆளா?" என்று சிரித்தார். பிறகு, "அந்த ஆபீசர் தானும் அதுல ஏறிப் பாப்பாரா?" என்றார். பார்ப்பார், வேகமாக ஓட்டச் சொல்லியும் பார்ப்பார் என்றேன். "அப்ப நானும் ஏறலாம்."

ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவுக்குள் வரவிடப் போவதில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் கூறியதையும் சொன்னேன். அது வேலைவாய்ப்பைக் கருதிச் சொன்னது என்றும் விளக்கினேன். அப்பா சற்று யோசித்தார்.

"இன்னைக்கு வேண்டாங்கிறாக. நாளைக்கு வேணும்னுட்டா, ரோட்டுக்கு யாரு அந்த ஆபீசரு?"

இதுவரை அப்படி ஒருவர் இல்லை என்றேன். மணி ஐந்தாகியிருந்தது. இரண்டாம் ஷிப்டு ஆட்களை இரவு ஏற்றி வர வேண்டும். அப்பா வண்டியின் அடியில் குனிந்து பிரேக் ஆயில் எங்கேனும் சொட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.