இறுவட்டில் எஞ்சிய குரல்

தமிழகத்தார் குறுந்தகடு என்பதனை ஈழத்தில் நாம் இறுவட்டு என்றே வழங்கி வந்துள்ளோம். இறுக்கத்தைச் சுட்டி அமைந்த சொல்லாகவே அதனை நான் கொள்கின்றேன். எனினும், இறுதல் என்பதற்கு முறிதல், அழிதல் என்னும் பொருள்களும் உண்டு. கணினியிலே நாம் எழுதிக்கொள்ளும் வட்டுகளை நோக்குமிடத்து, இப்பொருளே கூடுதலாகப் பொருந்தும் போலும்.

பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் கூட்டாக வகுத்த இசைவட்டு 1982இல் யப்பானிலே விற்பனைக்கு வந்தது. 120 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்புமுடைய இவ்வட்டிலே, செய்தி நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே சுருளாகச் செல்கின்றது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே 1.6 மைக்ரோமீற்றரே இடைவெளி. சுருளை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீற்றருக்கு மேற்படும்; தெமட்டகொடையிலிருந்து கோட்டைப் புகையிரத நிலையத்தையும் தாண்டிவிடும். அச்சுருளிலே நுண்ணிய குழிகள் உள்ளன. 780 நனோமீற்றர் அலைநீளமுடைய லேசர் கதிர் அவற்றின்மீது பட்டுத் திரும்புகையில், குழியிலிருந்து வரும் ஒளியும் சமதளத்திலிருந்து வரும் ஒளியும் ஒன்றையொன்று நலிவிக்கின்றன. இவ்வொளி வேறுபாட்டைக் கருவி எண்களாக மாற்றுகின்றது. வட்டு எவ்வளவு ஆடினும், காந்தச் சுருள்களால் தாங்கப்பட்ட சிறு வில்லை மேலுங் கீழும் அசைந்து குவியத்தைக் காக்கின்றது. உட்சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 தடவையும் வெளிச்சுற்றில் 200 தடவையும் வட்டுச் சுழல்வது, கதிரின் கீழ்ச் சுருள் ஒரே வேகத்தில் ஓடுவதற்காகவே.

நாம் எழுதும் வட்டிலே குழிகள் இல்லை. கதிருக்கு வழிகாட்டும் வெற்றுத் தவாளிப்பும் அதன்மேற் பூசிய கரிமச் சாயமும் அதற்குமேல் உலோகப் படலமுமே உண்டு. வாசிக்கும்போது வலுக்குன்றி விழும் கதிர், எழுதும்போது பன்மடங்கு வலுவுடன் விழுந்து சாயத்தைச் சுட்டுச் சிதைக்கின்றது. சிதைந்த இடம் ஒளியைக் குறைவாகத் தெறிக்கின்றமையால், வாசிக்கும் கருவி அதனைக் குழியென்றே கொள்கின்றது. ஒருவகையில் இஃது ஏட்டெழுத்தை ஒத்தது. ஆனால் எழுத்தாணி கீறிய கீறல் ஓலையுள்ளவரை நிற்கும். சாயமோ எழுதி முடிந்த பின்னும் வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மாறிக்கொண்டேயிருக்கும். வட்டின் அடிப்புறக் கீறலுக்கே பலரும் அஞ்சுவர். உண்மையில், பெயரெழுதும் மேற்புறமே ஆபத்தானது. செய்திக்கும் வெளியுலகுக்கும் இடையே அங்கு மெல்லிய மெழுகெண்ணெய்ப் பூச்சு ஒன்றே உள்ளது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டதன் பின்னர், என் அம்மம்மா கரவெட்டியிலிருந்து தெமட்டகொடையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அவர் அறிந்த கும்மி, தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களை மாமா ஒலிநாடாவிற் பதிந்து, மறுவருடம் வெள்ளவத்தைக் கடையொன்றிலே இசைவட்டாக மாற்றுவித்தார். நாடா பூஞ்சணம் பிடித்து அழிந்தது. எழுபது நிமிடத்துக்கு மேற்பட்ட அக்குரல், கால்வாய்க் காற்றின் ஈரம் குறையாத எங்கள் வீட்டு அலுமாரியில், அவ்வட்டில் மட்டுமே எஞ்சியது. அம்மம்மாவும் இன்றில்லை.

சென்ற ஆண்டு அதனை வாசிக்க முயன்றபோது வீட்டிலிருந்த எந்தக் கணினியிலும் வட்டுச் செலுத்தி இல்லை. பழைய கணினி திருத்தும் கடையில் இரண்டு செலுத்திகளை இரவல் பெற்றேன். முதற் பாடல்கள் தெளிவாக வந்தன. இறுதி இரண்டும் தடுமாறின. சுருள் விளிம்பில் முடிவதும், பெரும்பாலும் விளிம்பே முதலில் நலிவதும் அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. ஏட்டுச் சுவடிகளும் ஓரத்திலிருந்தே உதிர்ந்தன, பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை இதற்காக வருந்தியது தமிழ் பயில்வோர் அறிந்ததே.

என்னைக் கலங்கச் செய்தது வேறொன்று. ரீட், சொலமன் என்னும் கணிதவியலாளர் 1960இல் வகுத்த முறைவழியே, எண்கள் மிகைக் குறிகளுடன் சுருளிலே பரப்பி எழுதப்படுகின்றன. ஆகவே இரண்டு மில்லிமீற்றர் நீளம் பழுதுபட்டாலும் கருவி இழந்ததைப் பிழையின்றி மீட்டுவிடும். அதற்கு மேற்பட்டாலோ, இசைவட்டில், முன்பின் எண்களை நோக்கி இடைப்பட்டதை ஊகித்து நிரப்புகின்றது. விநாடிக்கு 44,100 எண்களுள் சில இவ்வாறு நிரப்பப்பட்டால் செவி அறியாது. அங்ஙனமாயின் நான் கேட்டு உருகிய குரலில் எவ்வளவு அம்மம்மாவினது, எவ்வளவு கருவியினது? கோப்புகளாக எழுதிய வட்டில் இவ்வையம் எழாது. அங்கு இன்னுமொரு திருத்தக் கட்டு உண்டு. அதுவும் தோற்றால் கருவி வாசிக்க மறுக்கும். அந்த மறுப்பே நேர்மையானதெனப்பட்டது.

வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு பகுதியையும் பலமுறை வாசித்து ஒப்பிடும் மென்பொருளைக் கொண்டு மூன்று இரவுகள் முயன்றேன். ஒரு செலுத்தி கைவிட்ட இடத்தை மற்றையது சிலவேளை வாசித்தது. வில்லையும் கதிரின் வலுவும் கருவிக்குக் கருவி வேறுபடுவதே காரணம். இத்தகைய முயற்சிக்கும் காலம் குறுகிவருகின்றது. தமிழ்ப்பட வட்டுகளை மலிவாக விற்ற இந்தியாவின் மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணை பிறந்தது. சோனி 2025 பெப்ரவரியில் எழுதத்தகு புளூ-றே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது.

மீட்டவற்றை மூன்று படிகளாக்கி, ஒன்றை ரொறன்ரோவிலுள்ள சித்திக்கு அனுப்பினேன். கருவி ஊகித்த இடங்களை நிமிடம், விநாடியுடன் ஒரு தாளிற் குறித்து உடன் வைத்தேன். கடைசி ஒப்பாரியில் ஓரிடத்தில் ஊகமுமில்லை, மௌனமே உண்டு. அதற்குச் சற்றுமுன், தெமட்டகொடைப் புகையிரதத் தரிப்பிடத்திலிருந்து எழுந்த ஊதலொலி பிசகின்றிக் கேட்கின்றது. விடுபட்ட அடியைச் சித்தி நினைவிலிருந்து எழுதி அனுப்பியுள்ளார். மாமாவோ அது வேறு சொல் என்கிறார்.