அலையோரத்து மணல் நண்டு

இராஜா அண்ணாமலைபுரத்தின் மாடிக் கட்டடங்களைக் கடந்து கிழக்கே நடந்தால் பட்டினப்பாக்கம் கடற்கரையை அடைகிறோம். அதன் தென்கோடியில் அடையாறு கடலோடு கலக்கிறது. நண்டு என்றவுடன், உலர்ந்த மணலில் வளை தோண்டிப் பக்கவாட்டில் ஓடி மறையும் நண்டே நம் நினைவுக்கு வரும். ஆனால் அலை ஏறி இறங்கும் ஈர மணலில், நம் காலடியிலேயே வேறொரு நண்டு வாழ்கிறது. 'எமெரிட்டா' என்பது விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர்.

கட்டைவிரல் நுனியளவே உள்ள முட்டை வடிவ உடல் அதற்கு. கிள்ளுவதற்குக் கொடுக்கு இல்லை. நீந்துவதும் மணலைத் தோண்டிப் புதைவதும் பின்னோக்கியே. கடலை நோக்கிப் புதைந்திருந்து, அலை திரும்பும் வேளையில் இறகு போன்ற இரு உணர்கொம்புகளை விரிக்கிறது. ஓடும் நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. மற்றோர் இணைச் சிறு கொம்புகள் ஒன்றுசேர்ந்து அதற்கு மூச்சுக்குழாய் ஆகின்றன. கடல்மட்டம் ஏறி இறங்க, இந்த நண்டும் கரையில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

சென்னைக் கரையில் வாழும் இனத்தைப் பற்றி டி. சுப்ரமோணியம் 1981இல் வெளியிட்ட ஆராய்ச்சி வியப்பளிப்பது. ஆண் நண்டு மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவிலேயே பருவம் எய்தி, பெரிய பெண் நண்டைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. வளர்ந்து ஏறத்தாழ 19 மில்லிமீட்டரை எட்டும்போது அதுவே பெண்ணாக மாறத் தொடங்குகிறது! பெண் நண்டு செம்மஞ்சள் நிற முட்டைகளை வயிற்றடியில் சுமக்கிறது. பொரிந்த குஞ்சுகள் பல வாரங்கள் கடலில் மிதந்த பின்னரே கரை சேர்கின்றன.

அடையாற்றுக் கழிமுகத்தின் ஒரு பகுதியைச் சீர்செய்து, 2011இல் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா அமைந்தது. நற்செயலே. ஆயினும் நகரின் கழிவுநீர் இன்றும் ஆற்றின் வழியே கடலுக்கு வருகிறது. வடித்து உண்ணும் உயிர், தன்மேல் ஓடும் நீரைத் தேர்ந்துகொள்ள இயலுமா? நாம் சாக்கடையில் விடுவதெல்லாம் அதன் உணவுத் தட்டில் விழுகிறது. அதை உண்ணும் மீனும் பறவையும் பங்கு பெறுகின்றன; அம்மீனை வாங்கும் நம் இல்லமும் விலக்கன்று.

பிள்ளைகள் இந்த நண்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். புட்டியில் அடைத்து வீட்டிற்குக் கொண்டுவர மட்டும் விடாதீர்கள். அலையில்லாத நீரில் அதற்கு உணவு இல்லை. ஈர மணலிலேயே விட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் புதைந்துகொள்ளும்.