பாதி தெரிந்த மனிதர்கள்

பம்பாய்க்கு வேலை தேடி வந்த என் அப்பாவின் தலைமுறைக்கு இரண்டு ஆயுதங்கள் போதுமானவையாக இருந்தன. ஒன்று, டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட். இன்னொன்று, ஒரு கடிதம். கும்பகோணத்தில் பக்கத்து வீட்டுக்காரர், மாதுங்காவில் இருந்த தன் மருமகனுக்கு எழுதியது அது. 1964-இல் அந்தக் கடிதத்துடன் வந்து இறங்கிய அப்பா, ஓர் அறையில் ஏழு பேருடன் தங்கி, பதினெட்டாவது நாள் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஸ்டெனோவாகச் சேர்ந்துவிட்டார். அந்த மருமகன் அதற்கு முன் அப்பாவைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் ஒரே அக்ரஹாரம். அது போதும்.

ரயில் பாதைக்கு மறுபக்கம் தாராவி. அங்கே தோல் பதனிடும் கூடங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் ஊர்க்காரர் கைகாட்டி வந்தவர்கள்தான். நடந்து போகும் தூரத்தில் இரண்டு தமிழ்க் கூட்டங்கள். ஒரு கூட்டத்தின் கடிதம் மறு கூட்டத்தின் கைக்குப் போனதாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

அதே ஆண்டுகளில்தான் பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை, பம்பாய்க் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. 1966-இல் சிவசேனை பிறந்ததற்கு அந்தப் பட்டியல்களும் ஒரு காரணம். பட்டியலில் இடம் பெறும் அளவுக்கு அப்பா பெரிய உத்தியோகத்தில் இல்லை. பட்டியல் போட்டதன் நோக்கம் விஷம்தான்; ஆனாலும் அதற்குள் ஒரு கேள்வி இருந்ததை மறுக்க முடியாது. தெரிந்தவர் மூலம் ஒருவருக்குத் திறக்கும் கதவு, யாரையும் தெரியாத இன்னொருவருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் சரித்திரமாக இருந்தது, 2023 ஜூன் வரை. அந்த மாதம் நான் 22 வருடங்களாகப் பார்த்துவந்த வேலை போய்விட்டது. அந்தேரியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் பிரிவையே மூடி, வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வயது 47. மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. டோம்பிவ்லி வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி.

இன்றைக்கு வேலை தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் நௌக்ரி டாட் காம். அதன் பிறப்பு சுவாரசியமானது. 1990 வாக்கில் டெல்லியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த சஞ்சீவ் பிக்சந்தானி, ஆபீஸுக்கு வரும் 'பிசினஸ் இந்தியா' பத்திரிகையைச் சகாக்கள் பின்பக்கத்திலிருந்து புரட்டுவதைக் கவனித்தார். பின்பக்கங்களில்தான் வேலை விளம்பரங்கள். வேலையில் இருப்பவர்களும் வேறு வேலையை நோட்டம் விட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. 1997-இல் நௌக்ரி தொடங்கியது.

நானும் அதில் பெயரைப் பதிந்தேன். நாற்பது இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு மாதம் போன் மணி அடிக்கவில்லை.

விஷயத்தை விளக்கியது டோம்பிவ்லியிலிருந்து எங்களோடு 8.14 வண்டியில் பெண்கள் பெட்டியில் வரும் ஒரு சின்னப் பெண். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியில் இருக்கிறாள். இந்த மாதிரி வேலைகளுக்கு வரும் விண்ணப்பங்களை வரிசையாகப் படிக்க யாருக்கும் நேரமில்லையாம். அவர்கள் பணம் கட்டி, லட்சக்கணக்கான பயோடேட்டாக்கள் உள்ள கிடங்குக்குள் நுழைகிறார்கள். நான்கைந்து சொற்களைத் தட்டுகிறார்கள். எத்தனை வருட அனுபவம், எந்த ஊர், எப்போது சேர முடியும் என்று சல்லடை போடுகிறார்கள். சமீபத்தில் தன் விவரங்களைத் திருத்தியவரும் அந்தத் தளத்துக்கு வந்து போனவரும் மேலே நிற்கிறார்கள். 'ஏற்றுமதித் துறையில் நீண்ட அனுபவம்' என்பது மனிதருக்குப் புரியும். அந்தச் சல்லடையில் தங்காது. ஷிப்பிங் பில், லெட்டர் ஆஃப் கிரெடிட், பில் ஆஃப் லேடிங், சுங்கத் துறையின் ஐஸ்கேட் என்று தினமும் கையாண்டவற்றைப் பெயர் பெயராக எழுதினேன். தினமும் காலையில் ஒரு வரியையாவது திருத்தினேன். வாரத்துக்கு மூன்று, நான்கு அழைப்புகள் வரத் தொடங்கின.

பெரும்பாலும் அவை வயதில் வந்து முடிந்தன. பட்டம் வாங்கிய வருடத்தைக் கேட்பார்கள், மனக்கணக்குப் போடுவார்கள், "சொல்லி அனுப்புகிறோம் மேடம்" என்பார்கள்.

இடையில் வேறு வகை அழைப்புகளும் வந்தன. பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் என்பார்கள். ஆள் தேவைப்படுகிறவன் ஆளிடம் காசு கேட்க மாட்டான், போனை வைத்துவிடலாம். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்தியர்கள் மியான்மர் எல்லைக்குக் கடத்தப்பட்டு, இன்டர்நெட் மோசடி வேலைகளில் அடைபட்டார்கள். தமிழ் இளைஞர்களும் அதில் இருந்தார்கள். வெளியுறவுத் துறை எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் இல்லை. செம்பூர் அக்கா, முலுண்ட் மாமா, கல்லூரித் தோழிகள் இருவர். எல்லோருக்கும் என் மேல் அக்கறை. எல்லோருக்கும் தெரிந்தது அதே நான்கு கம்பெனிகள். இதை அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே எழுதிவிட்டார். அறிமுகமானவர் மூலம் புது வேலைக்கு மாறியவர்களிடம், அந்த மனிதரை எத்தனை முறை சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். நமக்கு நெருக்கமானவர்கள் நம் உலகத்திலேயே இருக்கிறார்கள். புதுச் செய்தி பாதி தெரிந்தவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-இல் வெளியான ஓர் ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. மிக நெருங்கியவரும் அல்ல, அடியோடு அந்நியரும் அல்ல; நடுவில் உள்ளவர்களே அதிகம் கைகொடுக்கிறார்கள்.

எனக்குப் பாதி தெரிந்தவர்கள் எங்கே? 8.14 வண்டியில்தான். வேலை போன பிறகும் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகவில்லை. அங்கே 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதுவதில் பயனில்லை. பரிதாபப்படலாம், வேறென்ன செய்ய முடியும்? அதனால் நான்கு வரிகள் எழுதினேன்: என்ன வேலை தெரியும், எத்தனை வருடம், எந்த மாதிரிக் கம்பெனி, எந்தப் பகுதிவரை வர முடியும். படிப்பவர் ஒரு வார்த்தை சேர்க்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். அப்பா சட்டைப்பையில் வைத்திருந்த கடிதமும் ஏறக்குறைய இந்த நீளம்தான்.

பதினோரு நாள் கழித்து பதில் வந்தது, தாக்குர்லியில் ஏறி வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டே வரும் பெண்மணியிடமிருந்து. ஒன்பது வருடங்களில் எங்களுக்குள் நடந்த பேச்சு, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்பதைத் தாண்டியதில்லை. அவருடைய மைத்துனரின் பக்கத்து வீட்டுக்காரர் நாவா ஷேவாவில் கஸ்டம்ஸ் புரோக்கர். ஐஸ்கேட் தெரிந்த, நிதானமான ஆள் தேவையாம். அவர் என் வயதைக் கேட்கவில்லை.

அப்பாவின் நண்பர்கள் பலர் கப்பல் துறையில் இருந்தார்கள். 1990-களில் அவர்களிடம் அழைத்துப் போகப்பட்டது என் தம்பி, என்னை அல்ல. பி.காம் முடித்து, எக்ஸ்போர்ட் டிப்ளமோவும் நானாகவே படித்தேன். பிற்பாடு, தாதரை வைத்து கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. மில் வேலைகளுக்கு ஜாதிக்காரர் மூலம் ஆள் சேர்த்துவந்த சமூகங்கள், பையன்களை மராத்திப் பள்ளிக்கே அனுப்பி, அதே தொழில்களுக்குள் இழுத்தன. அந்த வலையில் இடமில்லாத பெண்கள் ஆங்கிலப் பள்ளிக்குப் போய் முன்னேறினார்கள். தாங்குகிற வலை கட்டியும் போடும் போலிருக்கிறது. (தம்பி இன்னும் அதே கப்பல் ஏஜென்சியில்தான் இருக்கிறான். அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை.)

எனக்கு உறுத்துவது வேறு. இன்று பல கம்பெனிகள், தங்கள் ஊழியர் சிபாரிசு செய்யும் ஆளை எடுத்தால் அந்த ஊழியருக்குப் பணம் தருகின்றன. லிங்க்ட்இன்னில் ஒருவர் பெயரைத் தொட்டதும், இருவருக்கும் பொதுவாக யார் யாரைத் தெரியும் என்று காட்டுகிறது. கம்ப்யூட்டருக்குள் குடிபோன அக்ரஹாரம்! எங்கள் கட்டட வாட்ச்மேனின் மகன் பி.காம், 61 சதவீதம். அவனுடைய லிங்க்ட்இன்னில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் அவன் வகுப்பில் படித்தவர்கள், அவர்களும் வேலை தேடுகிறவர்கள்.

அவனை உட்காரவைத்து நான்கு வரிகள் எழுத வைத்தேன். அவன் 'கடின உழைப்பாளி' என்று எழுதியதை அடித்துவிட்டு, டேலியில் ஜிஎஸ்டி கணக்குப் பதியத் தெரியும் என்பதை எழுதச் சொன்னேன். இதுவரை இரண்டு இன்டர்வியூ ஆகியிருக்கிறது.

இப்போது என் பாதை மாறிவிட்டது. தானேயில் இறங்கி, நெருலுக்குப் போய், அங்கிருந்து 2024 ஜனவரியில் முழுவதுமாகத் திறந்த உரண் பாதையில் பயணம். பழைய சம்பளத்தைவிட நாலாயிரம் குறைவு. புதுப் பெட்டி, புது முகங்கள். அவனுடைய நான்கு வரிகளை அவர்களில் இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தியின் பெயர் இன்னும் தெரியாது. போனில் 'நெருல் ஜன்னல்' என்று பதிந்து வைத்திருக்கிறேன்.